ஸ்கேனர் வாங்கப் போகிறவர்

சிங்கப்பூரில் கார் வாங்க நினைப்பவர்கூட வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். நெகட்டிவ் ஸ்கேனர் வாங்க நினைப்பவர் வரமாட்டார்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஈசூனில் நாலறை வீடு. அலமாரி உச்சியில் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின். அதில் பிஸ்கட் இருந்த காலத்தை யாரும் அறியார். இப்போது இருப்பவை 1980களின் நெகட்டிவ்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நடந்த கல்யாணம், தைப்பூசக் காவடி, மூத்தவனின் முதல் பிறந்தநாள். மூத்தவனுக்கே இப்போது முன்வழுக்கை.

தேக்காவில் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் போதும், தொடங்கிவிடுவார். "எப்சன் வி600 பெட்டியில 6400 டிபிஐன்னு போட்டிருப்பான். நம்பாதீங்க தம்பி. சோதிச்சுப் பார்த்தா கால்வாசிதான் தேறும். பிளஸ்டெக் 8100-ல 7200ன்னு போட்டிருப்பான், அதுல பாதி தேறும்." தூசியைத் தானே கண்டுபிடித்து நீக்கும் அகச்சிவப்புக் கதிர் 8100-இல் கிடையாது, 8200ஐ-யில் உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளை பிலிமில் உள்ள வெள்ளி அந்தக் கதிரையே மறித்துவிடும். இதைச் சொல்லும்போது அவர் முகம் வாடும். டின்னில் கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்றுகூட இல்லை.

மலிவான குட்டிப் பெட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அது ஸ்கேனரே இல்லை, உள்ளே ஒரு கேமரா உட்கார்ந்து படம் எடுக்கிறது என்பார். உண்மைதான்.

சிம் லிம் ஸ்குவேரில் விலை கேட்பார். பெனின்சுலா கேமராக் கடைகளிலும் கேட்பார். கரோசலில் பழைய மெஷினுக்குப் பத்து வெள்ளி குறைக்கச் சொல்லி, குறைத்துவிட்டால் சந்தேகப்படுவார். கடைசியில் முஸ்தபாவில் பருப்பும் பற்பசையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

"கடையில குடுத்தா அவங்களே ஸ்கேன் பண்ணித் தருவாங்களேங்க?" என்பார் மனைவி.

"கண்டவன் கையில நெகட்டிவைக் குடுக்கிறதா?"

அந்த பிலிமைக் கழுவிக் கொடுத்தவனே ஒரு கடைக்காரன்தான். அம்மையார் அதை ஞாபகப்படுத்தமாட்டார். இல்லற அனுபவம்.

இந்த ஊரில் ஈரப்பதத்தின் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சைக்கு டிபிஐ பற்றியெல்லாம் கவலை இல்லை. அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் காடி வாடை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வப்போது டின்னை இறக்கி மோந்து பார்ப்பார். பார்த்துவிட்டு மூடி, மறுபடி மேலே ஏற்றிவிடுவார்.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 6400-இல் கால்வாசி, அங்குலத்துக்கு 1600 புள்ளிகள். ஒரு 35 மி.மீ. படத்துக்கு ஏறக்குறைய 34 லட்சம் புள்ளிகள். ஆல்பத்தில் ஒட்டும் 4ஆர் பிரதியைத் துல்லியமாக அச்சிட 22 லட்சம் போதும். பேரப்பிள்ளை வாட்ஸ்அப்பில் பார்க்க அதுகூட வேண்டாம்.

ஆகவே யோசனையை இவரிடமே கேளுங்கள். ஆல்பத்துக்கு என்றால் எப்சன் மாதிரித் தட்டை ஸ்கேனர், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட என்றால் பிளஸ்டெக் என்று சரியாகவே சொல்வார். உங்கள் வீட்டு டின்னை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.