எலுமிச்சை வைக்கலாமா?

கோப்பெங்கில் வீட்டுக்கோர் எலுமிச்சை நட விரும்புகிறவன், மண்ணைக் கொத்துமுன் பாட்டியின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். முள்மரம் வாசலுக்கு ஆகாதென்று ஆட்சேபிக்கும் அவரே, புதுக் கார் வந்த தினத்தன்று நான்கு சக்கரங்களுக்கும் நான்கு கனி வைத்து நசுக்கச் சொல்வதில் யாதொரு சாஸ்திர விரோதமும் காண்பதில்லை. ஈயலம்பங்கள் கழித்துப்போட்ட மணலிலும் தாராளமாக எருவிட்டால் செடி பிழைத்துவிடும்; ஆனால், இலை மஞ்சளித்துக் காய் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடும் ‘கிரீனிங்’ வியாதியைப் பரப்பும் சில்லிட் பூச்சியானது, கொல்லையில் பரம சாதுவாக நிற்கும் கறிவேப்பிலையிலும் சுகமாக ஜீவிக்கிறதென்றால், எதை வைத்து எதை வெட்டுவது? சாம்பாரா சர்பத்தா என்ற இந்தத் தர்மசங்கடத்தில் நான் ஆழ்ந்திருக்கையில், பக்கத்து வீட்டு மக்சிக்கின் லிமாவ் கஸ்தூரிக் கிளை வேலிக்கு இப்பால் தொங்குவதைச் சுட்டிக்காட்டி, விவாதமே அநாவசியமென்று தீர்ப்பளித்த பாட்டி, ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டார்.