வரும்படிப் பெயர்களின் இலக்கணம்: கிட்வாய் நகரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மனிதன் சம்பாதிக்கும் பணம் ஒன்றேயாயினும் அதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயர்கள் அநேகம் என்பதும், அப்பெயர்களின் பேதத்துக்கேற்பவே அது செலவாகும் வழியும் பேதப்படுகிறது என்பதும், மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கென்றே டில்லியில் எழுந்த கிட்வாய் நகரில் சிறிது காலமேனும் குடியிருந்த தமிழர் எவருக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்த விஷயமாயினும், அதைச் சாஸ்திரோக்தமாக ஆராய்ந்தவர் இலர் என்ற குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

இத்துறைக்கு மூல நூல் 1922 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்த 'ஃபண்டமெண்டல் ரூல்ஸ்' ஆகும். 'பே', 'ஸ்பெஷல் பே', 'பெர்ஸனல் பே' என்றெல்லாம் அதன் 9-ஆம் விதி செய்யும் பாகுபாட்டில் மிக நுட்பமானது, விசேஷ வேலைக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து வரும் பணம் 'ஹானரேரியம்' என்றும், வெளியாரிடமிருந்து வந்தால் அதுவே 'ஃபீ' என்றும் பிரிக்கும் இடம். ஆனால் மாடிப்படி ஏறி வீட்டுக்குள் நுழைந்ததும் இப்பாகுபாடு செல்லாது. அங்கே வியாக்கியான அதிகாரம் முழுதும் மாமியைச் சேர்ந்தது.

மாமியின் சித்தாந்தப்படி 'பே' என்பது பாலுக்கும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்னமே அர்ப்பணமானது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 'போனஸ்' தீபாவளிக்கு. முப்பது நாள் சம்பளம் என்று கம்பீரமாக அறிவிக்கப்படும் இந்த 'அட்-ஹாக் போனஸ்', எவ்வளவு பெரிய சம்பளத்தையும் மாதம் 7,000 ரூபாயாகவே பாவித்து, அதை 30-ஆல் பெருக்கி 30.4-ஆல் வகுத்து, 6,908 ரூபாயாக வந்து சேரும். அந்த நாலு தசமத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர் யாராயிருந்தாலும் தெய்வத்துக்கு அடுத்தபடி நமஸ்கரிக்கத் தக்கவர். 'ஹானரேரியம்' மட்டும் மாமாவின் ஸ்வய சொத்து. தொகை சிறிதாகவும் பெயர் பெரிதாகவும் இருப்பதால், கணக்குக் கேட்பது கௌரவக் குறைவு என்று மாமியே விட்டுவிடுகிறாள்.

எல்லாவற்றிலும் சிரேஷ்டமானது 'அரியர்ஸ்'. ஜனவரியிலிருந்து சேர வேண்டிய டி.ஏ. என்னும் அகவிலைப்படி மார்ச்சு வாக்கில் அறிவிக்கப்படுவதால் விளையும் சில்லறை அரியர்ஸ் மிக்ஸி, குக்கர்களில் கரைந்துபோகும். பே கமிஷன் அரியர்ஸோ நேரே கரோல் பாக் நகைக்கடைக்குப் போகும். முதல் கமிஷனுக்கு ஸ்ரீநிவாஸ வரதாச்சாரியாரும் ஐந்தாவதற்கு ரத்தினவேல் பாண்டியனும் தலைமை வகித்தபடியால், பே கமிஷன் என்பதையே நம்மவர் ஒருவகைக் குலதனமாகக் கருதுவது வழக்கம். ஆறாவது கமிஷனின் நிலுவையை 2008-இல் நூற்றுக்கு 40, மறு வருஷம் 60 என்று இரு தவணையாகக் கொடுத்ததில், ஒரு கை வளையல் இன்னொரு கை வளையலைக் காண ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. பெயரை வைத்தே பணத்தைப் பிரிக்கும் இம்மனப்பழக்கத்தை ஆராய்ந்த சிகாகோப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மாமிக்குக் கிடைத்தது வளையல்தான்.

'எச்.ஆர்.ஏ.' என்னும் வீட்டு வாடகைப் படியைக் கிட்வாய் நகரில் இன்மைப் பொருளிலேயே ஆள்வார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்த அன்றே அது நின்றுவிடும். அதோடு வாடகையென்று சொல்லக் கூசி 'லைசென்ஸ் ஃபீ' என்று ஒன்றையும் பிடித்துக்கொள்வார்கள். கிடைக்காத பணத்தைக் குறித்தே மனிதர் விஸ்தாரமாகப் பேசுவர் என்பதற்கு, மாலையில் பார்க்கில் நடப்பவர்களின் சம்பாஷணையே பிரமாணம். அங்கேயே எழும், பென்ஷன் தர்மமா உரிமையா என்ற வாதத்தை 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டபடியால் அதில் நான் தலையிடவில்லை.

எஞ்சியது கிம்பளம். பெண் வீட்டார் தணிந்த குரலில் 'மேல் வரும்படி' என்று விசாரிப்பதும், வடக்கத்தியார் 'ஊப்பர் கீ கமாயீ' என்பதுமாகிய இதற்கு மூல நூலில் இலக்கணம் இல்லை. ஆயினும் இதைப் பெற்று அகப்பட்டுக்கொண்டு ஸஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாதாமாதம் அளிக்கும் பணத்துக்கு, 'ஸப்ஸிஸ்டென்ஸ் அலவன்ஸ்' என்று 53-ஆம் விதி கருணையோடு பெயர் சூட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவரைப் பற்றி யாரேனும் கேட்டால், "அவர் லீவிலே இருக்கார்" என்று சொல்வது அண்டை வீட்டார் தர்மம். அரைச் சம்பள லீவில் இருப்பவன் பெறும் தொகை எவ்வளவோ அவ்வளவே இவனுக்கும் என்று அவ்விதி தொடக்கத்தில் நிர்ணயிப்பதால், அண்டை வீட்டார் சொல்வதைப் பொய்யென்று தள்ளச் சாஸ்திர ஆதாரம் எதுவும் இல்லை.