போற வழிதானே

நேற்றிரவு எல்லோரும் படுத்த பிறகு பெரியத்தான் குடும்பக் குறூப்பில் பயணத் திட்டத்தின் இறுதி வடிவத்தைப் போட்டார். 'இறுதி' என்பதைத் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு வான் படத்தோடு. விடிவதற்கிடையில் அதைத் திருத்தி மறுபடியும் போட்டாயிற்று. நான் இதை எழுதும்போதும் மேசையில் கிடக்கும் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. விழட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்தபந்தத்தோடு இரண்டு நாள் பயணம் ஒன்றைச் சண்டையில்லாமல் ஒழுங்கு செய்வதற்கு ஒரேயொரு விதி உண்டு. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டனிலிருந்து சின்னக்கா பிள்ளைகளோடு ஓகஸ்ட் லீவுக்கு வந்திருக்கிறா. எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, "பனிச்சங்கேணிக்குப் போவம். போய்ச் சும்மா இருந்துபோட்டு வருவம்" என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லடியிலிருந்து வெள்ளனப் புறப்பட்டால் ஒன்றரை மணித்தியாலத்துப் பாடு. ஓட்டமாவடிப் பாலம் கடந்து, நாவலடிச் சந்தி கடந்து, காயான்கேணி, மாங்கேணி கழிந்தால் வந்துவிடும். தெரிந்தவர் ஒருவரின் வளவு அங்கே இருக்கிறது. பாயை விரித்தால் பயணம் முடிந்தது.

"அங்க என்ன இரிக்கி?" என்று கேட்டார் பெரியத்தான்.

"தண்ணி இருக்கு" என்றேன்.

"தண்ணி இஞ்சயும் இரிக்கிதானே."

கல்லடியில் குடியிருப்பவனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி, நடுவில் எங்கள் வீடு. வாய் மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்குள்தான் எல்லாம் நுழைந்தது.

முதலில் என் மனைவி. "பாசிக்குடாவில பிள்ளையள் கொஞ்சம் குளிக்கட்டும். போற வழிதானே." நியாயம். வாழைச்சேனையால் கிழக்கே கொஞ்சம் ஒடித்தால் பாசிக்குடா. அங்கே கடலுக்குள் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது, குழந்தை குட்டியோடு பயமில்லை. ஒத்துக்கொண்டேன். குடும்பப் பயணத்தில் முதலாவது 'போற வழிதானே' எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். அது பின்னால் வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிட மட்டுமே வருகிறது.

இரண்டாவது சின்ன மாமி. "வெருகல் முருகனுக்கு ஒரு நேத்தி கிடக்கு மனே. போற வழிதானே." வெருகல் பனிச்சங்கேணிக்கு அப்பால், வாகரையும் கதிரவெளியும் தாண்டி, மகாவலியின் கிளை ஒன்று கடலுக்குப் போகிற இடத்தில் இருக்கிறது. போகிற ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயில் எப்படிப் போகிற வழியில் வரும் என்று நான் மாமியிடம் கேட்கவில்லை. நேர்த்திக்கடனில் பூகோளம் பேசி உயிரோடு திரும்பியவன் எங்கள் பரம்பரையில் இல்லை.

வெருகல் பட்டியலில் சேர்ந்ததும் சின்னக்கா விழித்துக்கொண்டா. வெருகல் வரை போனால் கதிரவெளி இடையில் வருகிறது. கதிரவெளியில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் இருப்பதாக அவ லண்டனில் எங்கோ வாசித்திருக்கிறா. "பிள்ளையளுக்கு வேரைக் காட்டவேணும்" என்றா. வேர் பார்க்கப்போகும் பிள்ளைகளில் மூத்தவன் அந்த நேரம் இன்வேர்ட்டர் ஏசி வேலை செய்யவில்லை என்று தரையில் படுத்திருந்தான்.

கதிரவெளியோடு சரித்திரம் உள்ளே வந்துவிட்டது. சரித்திரம் வந்தால் பெரியத்தானை யாரும் பிடிக்கமுடியாது, ஓய்வுபெற்ற ஆசிரியர். "வெருகல் தாண்டினா மூதூர். மூதூரில நொக்ஸ் பிடிபட்ட புளியமரம். போற வழிதானே." பட்டியலில் அதற்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். ரொபர்ட் நொக்ஸும் அப்படித்தான் நினைத்திருப்பார். 1659இல் மசூலிப்பட்டினத்துப் புயலில் அவர் வந்த 'ஆன்' என்ற கப்பலின் பாய்மரம் முறிந்தது. அதைத் திருத்திக்கொண்டு போகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். ஒரு சின்ன நிறுத்தம். 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் நொக்ஸையும் அவரின் தகப்பனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் போனார், மகன் தப்பி வெளியேறியது 1679இல். வானை நிறுத்தி இறங்குவது என்ன லேசான காரியமா?

மூதூருக்கு வந்தவன் திருகோணமலைக்குப் போகாமல் திரும்பலாமா? திரும்பக்கூடாதாம். முந்தி என்றால் ஒரு தடை இருந்தது. மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் வெருகல், கிண்ணியா, இன்னும் இடையில் சில இடங்கள் என்று ஒவ்வொரு பாதைக்கும், அதாவது வாகனம் ஏற்றும் மிதவைக்கும், காத்து நின்று, வாகனத்தைப் பாதையில் ஏற்றி அக்கரையில் இறக்கவேண்டும். சண்டைக் காலத்தில் அந்த வழி வருடக்கணக்காகப் போக்குவரத்தே இல்லாமல் கிடந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் வந்தன, பெரியத்தானுக்கும் பாதை திறந்தது. பாலம் நாட்டுக்கு நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதைக்காக இரண்டு மணித்தியாலம் வெயிலில் காத்து நின்ற ஒரு மனுசனின் வாயிலிருந்து 'போற வழிதானே' என்ற பேச்சு வந்திருக்குமா?

அதன்பிறகு சரசரவென்று வந்தது. கோணேசர், போற வழி. கன்னியா வெந்நீரூற்று, ஏழு கிணற்றிலும் குளிக்காமல் வந்தால் தோசமாம், அதுவும் போற வழி. "அவ்வளவு தூரம் போட்டு நிலாவெளியைப் பாக்காம வாறதா?" என்று என் மகள். அவளை நான் என் கட்சி என்று நம்பியிருந்தேன். பிறகு ஒரு புத்திசாலி மச்சான் கேட்டான்: "வந்த வழியாலயே கிறுகி வாறதென்ன விசர் வேலை? கந்தளாய், ஹபறணைப் பக்கத்தால வந்தா பொலன்னறுவையும் போற வழிதானே." சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரத்தை லண்டன் பிள்ளைகள் பார்க்காமல் போனால் இராசராசன் கோபித்துக்கொள்வான் என்பது அவனுடைய கவலை.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரியக்கா, இவ்வளவு நேரமும் ஒன்றும் பேசாமல் இருந்தவ, ஒரு குரல் பதிவு போட்டா. "எல்லாம் சரி. கொக்கட்டிச்சோலைக்குப் போகாம எந்தப் பயணமும் துவங்கிறல்ல நம்மட வீட்டில. தான்தோன்றீஸ்வரரை ஒருக்காக் கும்பிட்டுப்போட்டுப் போவம். போற வழிதானே." நாங்கள் வடக்கே போகிறோம். கொக்கட்டிச்சோலை தென்மேற்கில், வாவிக்கு அந்தப் பக்கம், மண்முனைப் பாலத்தால் போகவேண்டும். அந்தக் கோயிலின் கல் நந்தி பறங்கியர் முன்னால் எழும்பிப் புல்லுத் தின்றது என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். பெரியக்காவின் வழி வரைபடத்தைப் பார்த்தபிறகு நந்தி எழும்பியதை நான் சந்தேகிப்பதே இல்லை.

விதியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, வருகிறேன்.

எனக்கு ஒரு எண்ணம். இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த வருத்தம் அல்ல. இந்தக் கரைக்கு வந்த எவனும் இந்தக் கரைக்கென்று வந்தவன் அல்லன். 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல்காரர் மட்டக்களப்பில் வந்திறங்கினார். வந்தவர் கேட்டது கண்டிக்கு வழி. போத்துக்கீசர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். வாவியின் அழகில் மயங்கி அல்ல, கண்டி அரசனின் கடல்வாசலை அடைக்க. பத்து வருடத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் கண்டி அரசன் இராஜசிங்கனின் படையுமாக வந்து அதைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு அங்கேயே ஓர் ஒப்பந்தமும் எழுதினார்கள். ஒல்லாந்தரின் கண் முழுக்கக் கறுவாவில். மட்டக்களப்பில் கறுவா ஏது? ஆக இந்த ஊர் எல்லோருக்கும் போற வழிதான். நானூறு வருடமாக இப்படியே நடந்துவருகிற ஒரு காரியத்தைப் பெரியத்தான் ஒரு வட்ஸ்அப் பட்டியலில் முடித்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கதை தனியாக ஓடுகிறது. அதை நீட்டப்போவதில்லை. பட்டியலின் அடியில், 'கொண்டு போகவேண்டிய சாமான்கள்' என்பதன் கீழ், ஐந்து கிலோ இறால் என்று இருக்கிறது. ஐஸ் போட்டு, ரெஜிபோம் பெட்டியில், மட்டக்களப்புச் சந்தையில் வாங்கி. பனிச்சங்கேணிக் களப்பின் கரையால், கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனாக, நாங்கள் இறால் கொண்டு போகப்போகிறோம். கேட்டால், "அங்க விலை எப்பிடியோ" என்கிறார்கள்.

அந்த இடத்தைப் பார்த்தால் இப்படிப் பேச வராது. உப்பாற்றுக் களப்பு அங்கே ஒடுங்கிக் கடலோடு சேர்கிறது. அந்த ஒடுக்கத்தின் மேல்தான் வீதி போகிறது. 2004 சுனாமியில் அடிபட்ட இடம். பாலத்தடியில் எந்த நேரமும் வீச்சுவலைக்காரர் நிற்பார்கள். முழங்கால் தண்ணீரில், வலையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதைத் தோளில் அள்ளிப் போட்டபடி, அசையாமல். நீங்கள் ஒரு பீடி பிடித்து முடிக்கும்வரை ஒன்றும் நடக்காது. பிறகு இடுப்பு ஒருதரம் திரும்பும், வலை வட்டமாக விரிந்து விழும், ஈயக்குண்டுகள் தண்ணீரில் பொரியும் சத்தம் கேட்கும். இழுத்தால் பெரும்பாலும் சல்லல் குப்பையும் இரண்டு மணலையும். சில வேளை ஒரு நண்டு, வலைக்கண்ணைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று. அதைக் கழற்றுகிற கை அவசரப்படுவதில்லை. ஒரு நண்டைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவு நேரமும் கரையில் இருந்து பார்க்கலாம், யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இதைத்தான் நான் பார்க்கவேண்டும் என்றேன். "வலை எறியிறதை யூடியூப்பில பாக்கலாம் மாமா" என்றான் அக்காவின் மூத்தவன். தமிழில் சொன்னான், அந்த அளவில் சந்தோசம்.

இறுதி வடிவத்துக்கு வருவோம். கொக்கட்டிச்சோலை காலைப் பூசைக்காக இரண்டு மணிக்கே எழும்பவேண்டும் என்று தெரிந்ததும் அதை முந்தின நாளுக்கு மாற்றி, பாசிக்குடாவை 'நேரம் இருந்தால்' என்ற அடைப்புக்குள் போட்டு, கன்னியாவையும் கோணேசரையும் முன்பின்னாக்கி, பெரியத்தான் கடைசியாகப் போட்ட பட்டியலில் நான் கேட்ட ஊர் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஒளிக்கவில்லை, மனுசன் நேர்மையானவர். '5.45 – பனிச்சங்கேணி (வானை விட்டு இறங்கத் தேவையில்லை).'

காலை ஐந்தே முக்காலுக்கு அந்த வானுக்குள் யார் விழித்திருக்கப்போகிறார்கள்? சின்ன மாமி வாயைத் திறந்தபடி தூங்குவா. பிள்ளைகள் காதில் வயரோடு. பெரியத்தான் முன் சீட்டில் இருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம் பிந்திவிட்டோம் என்று கணக்குப் பார்ப்பார். பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பும்போது பொலன்னறுவையால் வருகிறோம்.

நான் வரவில்லை என்று எழுதினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப ஒரு சீட் மிச்சம், சாமான் வைக்கலாம்" என்று மச்சான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதைப் பார்த்தபிறகுதான் வருகிறேன் என்று மாற்றி எழுதினேன். வீம்புக்கு.

இப்போதுதான் விதிக்கு வரப் பார்த்தேன், வான் ட்ரைவர் எடுத்தான். வாகரைப் பக்கத்துப் பொடியன், மரியாதையானவன். "அண்ணன், கோவிக்காதீங்க, ஒரு உதவி. எங்கட அம்மா பனிச்சங்கேணியிலதான் இரிக்கிறா. அவக்கு ஒரு காஸ் சிலிண்டர் கொண்டுபோய்க் குடுக்கணும். நம்மட வானில போட்டா, பாலத்துக்குக் கிட்ட நிப்பாட்டி..."

"போற வழிதானே தம்பி" என்றேன்.

"ரெண்டு நிமிசம் அண்ணன்."

"என்னத்துக்கு ரெண்டு நிமிசம்? கொண்டுபோய்ப் பூட்டி, அடுப்புப் பத்துதா எண்டு பாத்து, அம்மாட கையால தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வா. வாசர் ஒழுகுதா எண்டு சவர்க்கார நுரை வச்சுப் பாக்கணும், மறந்திராத."

குறூப்பில் போட்டேன். உடனே கொந்தளிப்பு. சிலிண்டரை எங்கே வைப்பது, பிள்ளைகளின் காலுக்குள்ளா, வெடிக்காதா, பெரியத்தானின் அட்டவணை என்னாவது, இது என்ன லொறியா. கடைசி சீட்டில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வரும்போது பொலன்னறுவையில் வாங்குகிற எருமைத் தயிர்ச் சட்டிகளை என் மடியில் ஏற்றுகிற எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை இப்போதே குறூப்பில் சொல்லிவிடட்டும்.