படிநிலையும் பாயும்

மனிதரின் தேவைகள் உணவு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, தன்னாற்றல் நிறைவு எனப் படிப்படியாக எழும் என்னும் 'தேவைப் படிநிலை'க் கொள்கையை ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் வெளியிட்டார். யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலிருந்து சென்று கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய தீவக வணிகர்களோ, ஊர்ப் பையன்களைச் சிப்பந்திகளாக அழைத்துச்சென்று, கடைக்குள்ளேயே சோறும் பாயும் கொடுத்து, முதல் மூன்று படிகளையும் ஒரே கூரையின்கீழ் முடித்துவிட்டனர். மதிப்பு மட்டும் சற்றுத் தாமதமாக, பெரும்பாலும் வசைக்குப் பின்னரே, வந்து சேர்ந்தது. இன்று 'செயற்றிறன் மதிப்பீடு' எனப்படும் ஆண்டறிக்கையை, ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் முதலாளி, பையனின் தாயிடம் வாய்மொழியாகவே சமர்ப்பிப்பார், மேன்முறையீட்டுக்கு இடமிருந்ததில்லை. தாக்குப்பிடித்தவர்களுள் சிலர் கடையின் பங்காளராயினர். உறவுப் பையனை வேலைநீக்கம் செய்யும் வழியை மட்டும் மாஸ்லோவும் எழுதவில்லை, முதலாளிகளும் கண்டறியவில்லை.