பாம்பன் பாலத்துக்குப் பார்வை மங்கல்

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த புதிய பாம்பன் பாலத்தின் படம் செல்போனில் பளிச்சென்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்தால் மங்குகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலத்தைச் சட்டைப்பையில் மடித்து அனுப்பினால் கசங்காதா?

வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தை வாட்ஸ்அப் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருக்கிவிடும். ஜேபெக் அழுத்தத்தில் நுண்விவரங்களும் உதிரும். முழு எச்டி திரைக்கோ குறுக்கே 1920 புள்ளிகள் வேண்டும். இல்லாததை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்புகிறது. கடலின் நீலம் தப்பிவிடும். தூக்குப்பாலத்தின் கம்பிகள்தான் குழம்பும். 4கே திரைக்கு 3840 புள்ளிகள், கேட்கவே வேண்டாம்!

எடுத்தவர் மூலப்படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாது. உங்களுக்கு அனுப்பியவருக்கே அது ஃபார்வேர்டாக வந்ததென்றால், பாம்பனுக்கு பஸ் ஏறுவது உத்தமம்.