சீருடை கழற்றிய துப்பாக்கி, சகாய விலையில்

அமெரிக்காவில் சல்லிசாகக் கிடைக்கும் நல்ல சாமான் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: போலீஸ்காரர் இடுப்பிலிருந்து இறங்கிய பிஸ்டல். க்ளாக் கம்பெனியின் பிஸ்டல் புதுசு என்றால் 500 டாலருக்கு மேல். காவல் துறை கழித்துப் போட்ட க்ளாக் 22 மாடல், ஏறக்குறைய 300 டாலருக்குப் படிந்துவிடும். பல கடைகளில் தோட்டா மேகசின்களும் கூடவே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதோ ஓர் ஊர்க் காவல் துறையின் பெயர் பொறித்ததாகவே கிடைக்கும். அதற்குத் தனி மவுசு.

விற்பவர்கள் இதற்கென்றே ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. உறையில் உரசி உரசி ஸ்லைடின் ஓரம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே குழல் புத்தம் புதுசு மாதிரி. இருட்டில் குறிபார்க்க வைத்த ட்ரிடியப் புள்ளிகள் மங்கிப் போயிருக்கலாம். ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுச் சொச்சம். அதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் பேரம் பேசலாம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கி, மக்கள் வரிப்பணத்தில் எண்ணெய் போட்டுத் துடைத்து, பயிற்சி மைதானத்தில் காகித மனிதர்களைச் சுட்டுப் பார்த்துவிட்டு, சதை மனிதர்களைச் சுடும் வாய்ப்பைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். இதைவிடப் பெருந்தன்மையான அரசாங்கம் உலகத்தில் உண்டா?

இவ்வளவு சரக்கு எப்படி வந்து குவிந்தது என்பது ஒரு வேடிக்கைக் கதை. 1986 ஏப்ரலில் மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இருவர் செத்தார்கள். விசாரித்ததில், 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று கொள்ளையனின் இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டதாம். குற்றவாளி கிடைத்துவிட்டான்: தோட்டா. பெரிய தோட்டா தேடிப் போனார்கள். 1990-ல் பாயின்ட் 40 அங்குலத் தோட்டா வந்தது. அதைச் சுடும் க்ளாக் 22-ஐ நாடு முழுக்கக் காவல் துறைகள் அள்ளின. 2014 வாக்கில் எஃப்பிஐ மறுபடி யோசித்தது. தோட்டாவின் தரம் கூடிவிட்டது, 9 மில்லிமீட்டரே போதும் என்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. காவல் துறைகளும் பின்னாலேயே திரும்பின. இந்தப் பிரதட்சணத்தில் மிச்சமானவைதான் கடைக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்திருக்கும் பிஸ்டல்கள்.

கழித்ததை உருக்கி ஆணி செய்யக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். 500 போலீஸ்காரர்கள் உள்ள ஒரு துறை, துப்பாக்கிக்கு 200 டாலர் என்று கழிவு வாங்கினால் ஒரு லட்சம் டாலர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வரி கட்டுகிறவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி. அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று நாளை யாரையாவது வீழ்த்தினால் ஆம்புலன்ஸ், அறுவை சிகிச்சை, துப்பறிவாளர் சம்பளம், சவக்கிடங்கு எல்லாவற்றுக்கும் அதே வரி கட்டுகிறவன்தான் அழ வேண்டும். ஆனால் அவை வேறு கணக்குத் தலைப்பு. காவல் துறை அதைப் பார்க்க வேண்டியதில்லை.

வேலி பயிரை மேய்வதை நாம் பார்த்திருக்கிறோம். வேலி தன் முள்ளையே கட்டுக் கட்டாக ஏலம் விட்டு, அந்தக் காசில் புது முள் வாங்குவதைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் காஸ்மாபொலிஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் போலீஸ், தனக்குச் சரிப்படவில்லை என்று ஒரு சிறிய க்ளாக்கைக் கொடுத்து வேறு மாடல் வாங்கிக்கொண்டது. நியாயமான எக்ஸ்சேஞ்ச். அந்த க்ளாக் கைமாறிக் கைமாறி, சட்டப்படி துப்பாக்கியைத் தொடவே கூடாத, தண்டனை பெற்ற ஒரு வெள்ளை இனவெறியனிடம் போய்ச் சேர்ந்தது. 1999 ஆகஸ்ட் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் யூதர்களின் சமூகக் கூடம் ஒன்றில் புகுந்து, குழந்தைகள் உட்பட ஐந்து பேரைச் சுட்டுக் காயப்படுத்தினான். அங்கிருந்து தப்பிப் போனவன், தெருவில் தபால் கொடுத்துக்கொண்டிருந்த பிலிப்பினோ அமெரிக்கர் ஒருவரைக் கொன்றான். காஸ்மாபொலிஸ் வேண்டாம் என்ற அந்தச் சிறிய க்ளாக்கால்தான் கொன்றான். தபால்காரரின் குடும்பம் வழக்குப் போட்டது. அதற்குள் 2005-ல் நாடாளுமன்றம் துப்பாக்கித் தயாரிப்பாளர்களையும் வியாபாரிகளையும் இத்தகைய வழக்குகளிலிருந்து காக்க ஒரு சட்டமே போட்டுவிட்டது. க்ளாக் மீதான வழக்கு தள்ளுபடி. அதே அமெரிக்காவில் சூடான காப்பி கொட்டி வெந்தாலும் கடைக்காரன் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சாமர்த்தியம் இன்னும் ஒரு படி மேல். 1998 அக்டோபரில், துப்பாக்கிக் கம்பெனிகள் எங்கள் மக்களைக் கொல்கின்றன என்று நாட்டிலேயே முதல் நகரமாக நீதிமன்றம் ஏறியது. கைதட்டல் ஓய்வதற்குள் கதை கசிந்தது. அதே நகரத்தின் காவல் துறை, குற்றவாளிகளிடம் பறித்த துப்பாக்கிகள் உட்பட 7,000-க்கும் மேற்பட்டவற்றைக் கொடுத்துப் புது க்ளாக் வாங்கியிருந்தது. பிரதிவாதிகள் பட்டியலில் க்ளாக் கம்பெனியும் உண்டு. மேயர் மனசாட்சியே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. அவர் போட்ட நிபந்தனை, இந்தத் துப்பாக்கிகளை லூசியானா மாநிலத்துக்குள் விற்கக் கூடாது என்பது. பக்கத்து மாநிலத்தான் எக்கேடு கெட்டால் என்ன? தோட்டாவும் மாநில எல்லையில் நின்று அடையாள அட்டை காட்டிவிட்டுத்தானே போகும்!

ஒரு துப்பாக்கி எங்கிருந்து எங்கே போனது என்பது தலைநகர் வாஷிங்டனில் ஒரு அலுவலகத்துக்குத் தெரியும். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் நான்கையும் ஒரே கூரையின் கீழ் மேய்க்கும் ஏடிஎஃப். ஆனால் 2003-ல் டீஹார்ட் என்ற கன்சாஸ் நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் அதன் வாயைத் தைத்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வழக்குப் போட்டுத்தான் ஒரு எண்ணைப் பிடுங்கினார்கள். அது 2024-ல் வெளிவந்தது. 2006-க்குப் பிறகு குற்றங்களோடு தொடர்புள்ளவையாகத் திரும்பி வந்த போலீஸ் துப்பாக்கிகள் குறைந்தது 52,529. இதில் திருடு போனவையும் உண்டு, தொலைந்தவையும் உண்டு. துறையே பில் போட்டு விற்றவையும் உண்டு. கலிபோர்னியாவில் ஒரு ஷெரிஃப் துறையின் பழைய பிஸ்டல், 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இண்டியானாபோலிஸில் ஒரு கொலையில் வந்து நின்றது. அந்த நாட்டின் துப்பறிவாளர், கைப்பற்றிய ஆயுதத்தின் எண்ணைத் தேடிப் போனால் முடிவில் கிடைப்பது சக போலீஸ்காரரின் கையெழுத்து.

அழித்துவிடலாம் என்று நினைக்கிற நகரங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு என்ன நடக்கிறது என்று அரிசோனாவில் பார்க்கலாம். பறிமுதல் செய்தது, ஜனங்களே வந்து ஒப்படைத்தது, எதுவானாலும் உள்ளூர் நிர்வாகம் அழிக்கக் கூடாது, விற்றுத்தான் ஆக வேண்டும் என்று 2013-ல் அங்கே சட்டம் இறுகியது. டூசான் நகரம் கேட்கவில்லை, ஆயிரக்கணக்கில் நொறுக்கியது. உனக்கு வரவேண்டிய நிதியை நிறுத்துவோம் என்றது மாநிலம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-ல் டூசான் தோற்றது. அதே அரிசோனாவில் மரண தண்டனை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆளைக் கொன்றவனை அரசாங்கம் விஷ ஊசி போட்டுச் சாகடிக்கலாம். அவன் கையிலிருந்து பிடுங்கிய பிஸ்டலை மட்டும் பத்திரமாகத் துடைத்து, விலைச்சீட்டு ஒட்டிக் கடைக்கு அனுப்பியாக வேண்டும்.