நகருங்க சார்

காரின் பானெட்டைத் திறக்கிற சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்காது. ஆனால் அவருக்குக் கேட்டுவிடும். பாதி படித்த பேப்பரைப் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாம் கையுறையைத் தேடி எடுப்பதற்குள் பக்கத்தில் வந்து நிற்பார். முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "நகருங்க சார், நான் பார்க்கிறேன்."

எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. தங்கமான மனுஷர். காசு கேட்க மாட்டார், கூப்பிடக்கூட வேண்டாம். உலகத்தில் இறுகிப்போனது எதுவானாலும் அது தன் கைக்காகத்தான் காத்துக்கிடக்கிறது என்பது அவர் கட்சி. பாத்ரூம் குழாயை ஒரு திருகு திருகுவார். குழாய் பாதியாகக் கையோடு வந்தால், "உள்ளே பூரா துரு சார், நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது" என்பார். பிளம்பர் வந்து பில் போடும் நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே வேலை வந்துவிடும்.

அவருக்கென்றே படைத்தது ஸ்பார்க் பிளக். கீழ் வீட்டு ரிட்டயர்டு பேங்க்காரரிடம் பழைய கார்புரேட்டர் மாருதி 800 இருக்கிறது. மூன்று சிலிண்டர், மூன்று பிளக். இரண்டு சமர்த்தாகக் கழன்று வந்துவிட்டன. மூன்றாவது அசைய மாட்டேன் என்கிறது. பேங்க்காரர் நிதானஸ்தர். பிளக் வரும்போது சுற்றியுள்ள மண் சிலிண்டருக்குள் விழுந்துவிடக் கூடாதென்று சைக்கிள் பம்ப்பால் ஊதித் துப்புரவாக்கியிருந்தார். துரு இளக்குகிற எண்ணெயை மரையோரம் அடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்துச் செய்ய வேண்டிய வேலை சும்மா இருப்பது.

நம்மவருக்கு வராத ஒரே வேலை அது.

"என்ன சார், உட்கார்ந்துட்டீங்க?"

"எண்ணெய் விட்டிருக்கேன். ராத்திரி பூரா ஊறட்டும்."

"ஊறுறதுக்கு அது என்ன இட்லி அரிசியா? வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. நல்லா சூடேறினதும் ஒரே அழுத்து!"

மற்ற இரண்டு பிளக்கும் வெளியே துணியில் கிடக்கின்றன, வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். வம்பு என்னவென்றால், சூடு பற்றி அவர் சொன்னது முழுப் பொய்யுமில்லை. பிளக் எஃகு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி கொஞ்சம் தளரும். பிடிவாதமான பிளக்கை, கை பொறுக்கும் சூட்டில் அசைத்துப் பார்க்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் கொதிக்கிற அலுமினியத்துக்குத் திராணி குறைவு. அப்போது இழுத்தால் பிளக் வரும், பின்னாலேயே ஹெட்டின் மரையும் சுருள் சுருளாக வரும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டும், இல்லையென்றால் பெரிதாக மரை வெட்டி எஃகுச் சுருள் வைக்க வேண்டும். சர்வீஸ் புத்தகம் 'ஆறவிட்டுக் கழற்று' என்பது அதனால்தான்.

இதைப் பேங்க்காரர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நம்மவர் மறைந்துவிட்டார். திரும்பி வந்தபோது கையில் மூன்றடி ஜி.ஐ. பைப். ஸ்பேனர் கைப்பிடியில் செருக வேண்டுமாம். அந்தப் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர். அதை முடுக்க வேண்டியதே 25, 30 நியூட்டன் மீட்டர்தான். மூன்றடி பைப்பின் நுனியில் மூன்றரைக் கிலோ அழுத்தினாலே அந்த அளவு வந்துவிடும். நம்மவர் எடை 80 கிலோ, அதில் பாதி ஆர்வம். ஸ்பேனர் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் வெள்ளைப் பீங்கான் 'டிக்' என்று விடும்.

பிளக் முறிகிற வம்பு மாருதிக்கு மட்டுமானதில்லை. 2004 முதல் சில வருஷம் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புகளில், 5.4 லிட்டர் வி8 எஞ்சினில், பிளக்கைக் கழற்றும்போது அதன் அடிப்பாகம் முறிந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. அமெரிக்க மெக்கானிக்குகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கம்பெனியே எழுத்துமூலம் வழி சொன்னது: எட்டில் ஒரு பங்கோ கால்வாசியோ மட்டும் சுற்று, கார்புரேட்டர் கிளீனரை ஊற்று, 15 நிமிடமாவது காத்திரு, பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து எடு. எட்டுப் பிளக் உள்ள எஞ்சின். நம்மவரை அங்கே அனுப்பியிருந்தால் அந்தக் கம்பெனி பிக்கப் வியாபாரத்தையே விட்டிருக்கும்.

பேங்க்காரர் பைப்பைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"போன தடவை இந்த மூணாவது பிளக்கை முடுக்கினது யாருன்னு ஞாபகம் இருக்கா தம்பி?"

மற்ற இரண்டையும் போட்டவர் பேங்க்காரர். கையாலேயே கடைசிவரை திருகி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச்சுற்று, அவ்வளவுதான். மூன்றாவதற்குத்தான் உதவி கிடைத்திருந்தது.

"லூஸா இருந்தா கம்ப்ரஷன் போயிடும் சார், அதான் கொஞ்சம்..." என்றார் நம்மவர். குரல் மட்டும்தான் இறங்கியது, பைப் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பேங்க்காரர் ஸ்பேனரை நேராக உட்காரவைத்து இடப்பக்கம் லேசாக அசைத்தார். 'கிறீச்.' உடனே நிறுத்தி வலப்பக்கம் திருப்பி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி இடம், மறுபடி வலம். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் கூடுதலாகச் சுற்றியது. பக்கத்தில் நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றில் இல்லாத ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் பிளக் முழுசாக வந்தது, மரை முழுசாகத் தங்கியது.

பேங்க்காரர் அதைத் துணியில் வைக்கப் போனார். நம்மவர் கை நடுவில் நீண்டது. பிளக்கை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நுனியில் படிந்திருந்த கரியை நகத்தால் சுரண்டினார்.

"கறுப்பா இருக்கே சார். பெட்ரோல் ஜாஸ்தி ஏறுது. கார்புரேட்டரைப் பிரிச்சுடலாமா?"